அயடீன் குளிசைக்குப் பின்னால் இருக்கும் முயல்கள், ஆடுகள், நாய்கள்

பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கும் எங்கட ஆக்களின் குசினி லாச்சியைத் திறந்தால், பழைய பற்றரிகளுக்கும் கொத்துரொட்டிக் கடை மெனுவுக்கும் அடியில் ஒரு சின்னப் பெட்டி கிடக்கும். தபாலில் இலவசமாக வந்தது. உள்ளே பொட்டாசியம் அயடைட் குளிசைகள். அணுமின் நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் 2015இல் இதை அனுப்பி வைத்தார்கள். 50 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள், அதாவது ஸ்காபரோவில் இருக்கும் எங்கட சனம் எல்லாரும், கேட்டால் அனுப்புவார்கள். சுவிஸில் இருக்கும் சொந்தக்காரருக்கும் இது புதினமில்லை. அங்கேயும் அணுமின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கு இதே குளிசை வரும்.

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். 2020 ஜனவரி 12, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரைக்குச் சற்று முன்னர் ஒன்ராறியோ முழுவதும் கைத்தொலைபேசிகள் அலறினவே, அன்றைக்குத்தான் பலர் தேடினார்கள். பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஏதோ சம்பவம் என்று செய்தி. கொஞ்ச நேரத்தில் அது தவறுதலாக வந்த எச்சரிக்கை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த சில நாட்களில் குளிசை கேட்டு வந்த விண்ணப்பங்கள் பல்லாயிரம்.

இந்தக் கட்டுரை அந்தக் குளிசையைப் பற்றியது என்று சொல்லலாம். ஆனால் உண்மையில் ஒன்பது வயதான என் மகள் போன மாதம் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியது. லாச்சி ஒதுக்கும்போது பெட்டி அவளின் கையில் அகப்பட்டது. துண்டுத்தாளை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ரெண்டு, எனக்கு ஒண்டு, தம்பிக்குப் பாதி எண்டு போட்டிருக்கு. இது எப்பிடித் தெரியும்? ஆருக்கு முதல்ல குடுத்துப் பாத்தவை?"

நல்ல கேள்வி. நான் கொம்பியூட்டர் வேலை செய்கிறவன், மருத்துவன் இல்லை. ஆனால் மாஸ்டர்ஸ் படித்த காலத்தில் இப்படியான கணக்கு மாதிரிகளோடு மல்லுக்கட்டியவன். இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அந்தச் சின்னத் துண்டுத்தாளுக்குப் பின்னால் ஒரு பெரிய மிருகக் கூட்டமே நிற்கிறது என்று விளங்கியது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். எங்கள் உடம்புக்குக் கதிரியக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு மணமில்லை, ருசியில்லை. உடம்பு பார்ப்பது வேதியியலை மட்டும்தான். அயடீன் வந்தால் கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி இழுத்து எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் ஹோர்மோனுக்கு அயடீன் வேண்டும். அது நல்ல அயடீனா, அணு உலையிலிருந்து வந்த அயடீன் 131ஆ என்று பிரித்துப் பார்க்கும் வழி அதற்கு இல்லை. ஸ்ட்ரோன்ஷியத்தைப் பார்த்தால் கல்சியம் என்று நினைத்து எலும்பு வாங்கி வைத்துக்கொள்ளும். சீசியத்தைப் பொட்டாசியம் என்று நினைத்துத் தசையெல்லாம் பரப்பிவிடும். கடவுச்சீட்டில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் உள்ளே விடுகிற எல்லைக் காவல் மாதிரி.

உள்ளே வந்த பொருள் இரண்டு விதமாகக் குறையும். ஒன்று, அது தானாகவே சிதைந்து போகும். அயடீன் 131 எட்டு நாளில் பாதியாகிவிடும், அதை யாராலும் மாற்ற முடியாது. மற்றது, உடம்பு சிறுநீரிலும் மலத்திலும் வெளியேற்றும். தைரொயிட்டுக்குள் போன அயடீன் பாதியாக வெளியேறச் சுமார் 80 நாள் எடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் உண்மையில் 7.3 நாளில் பாதியாகும். முதலாவது எண்ணை பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு கருவியை வைத்து அளந்துவிடலாம். இரண்டாவது எண்ணுக்கு ஒரு உயிருள்ள உடம்பு வேண்டும். பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

இந்தப் பாதையைத் திறந்தவர் ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் டி ஹெவெசி. 1923இல் அவரைச் செடி வேரில் கதிரியக்க ஈயத்தை விட்டு அது தண்டுக்கும் இலைக்கும் எப்படிப் போகிறது என்று பார்த்தார். அடுத்த வருடமே விலங்குகளுக்குப் போனார். 1935இல் எலிகளுக்குக் கதிரியக்க பொசுபரசு கொடுத்து, எலும்பு ஒருமுறை கட்டிவிட்டால் அப்படியே நிற்கிற சுவர் இல்லை, உள்ளே இருக்கும் பொசுபரசு ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கிறது என்று காட்டினார். பிறகு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதை விடுவோம், எங்கள் குளிசைக்கு வருவோம்.

1936 நவம்பரில் பொஸ்டனில், ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு மதியபோசனக் கூட்டம். எம்.ஐ.ரி.யின் தலைவர் கார்ல் கொம்ப்டன், பௌதிகவியல் மருத்துவத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சோல் ஹேர்ட்ஸ் என்ற இளம் தைரொயிட் மருத்துவர் ஒருவர். அவர் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அயடீனைச் செயற்கையாகக் கதிரியக்கமாக்க முடியுமா? முடியும் என்று சில கிழமை கழித்துக் கடிதத்தில் பதில் வந்தது. அந்தக் கேள்வியிலிருந்துதான் இன்றைக்குத் தைரொயிட் நோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீன் மருத்துவம் முழுவதும் முளைத்தது.

அப்போது கைக்குக் கிடைத்தது அயடீன் 128. அதன் அரைவாழ்வுக் காலம் 25 நிமிடம். யோசித்துப் பாருங்கள். தயாரித்து, சுத்தப்படுத்தி, முயலுக்கு ஊசி போட்டு, பிறகு சுரப்பியை எடுத்து அளந்து முடிக்கிறதுக்குள் கையில் இருந்தது கரைந்துகொண்டே இருக்கும். ஹேர்ட்ஸும், பௌதிகவியலாளர் ஆர்தர் ரொபர்ட்ஸும், ரொப்லி எவன்ஸும் சேர்ந்து 48 முயல்களில் இதைச் செய்தார்கள். 1938இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்துக்குள் போன அயடீனைத் தைரொயிட் நிமிடக் கணக்கில் பிடித்து இழுக்கிறது, தூண்டப்பட்ட சுரப்பி இன்னும் கூடுதலாக இழுக்கிறது. 1941 மார்ச்சில் ஹேர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயடீன் கொடுத்தார். முயலுக்கும் மனிதருக்கும் இடையில் மூன்று வருடம்.

அந்த நிமிடக் கணக்கு முக்கியம். தைரொயிட் அவ்வளவு அவசரமாக இழுக்கும் என்பதால்தான் குளிசையும் அவசரமாகப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது: கதிரியக்க அயடீன் வந்து சேர்வதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள்ளும், வந்த பிறகு இரண்டு மணித்தியாலம் வரையும் எடுப்பது நல்லது. எட்டு மணித்தியாலம் வரை ஓரளவு பயன் உண்டு. ஒரு நாள் கடந்த பிறகு எடுத்தால் உபத்திரவம்தான் கூட, ஏனென்றால் உள்ளே போய்விட்ட கெட்ட அயடீனை வெளியே விடாமல் நீங்களே கதவைப் பூட்டுகிறீர்கள்.

பூட்டு என்று சும்மா சொல்லவில்லை. 1948இல் கலிபோர்னியாவில் பேர்க்லியில் ஜான் வுல்ஃப், இஸ்ரேல் சைகொஃப் என்ற இருவர் எலிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். எலிக்கு அயடீனைக் கொஞ்சமாகக் கொடுத்தால் சுரப்பி வாங்கி ஹோர்மோன் செய்கிறது. ஒரு எல்லைக்கு மேல் கொடுத்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடுகிறது. எங்கள் குளிசை அந்த எலி காட்டிய குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. சுரப்பியை நல்ல அயடீனால் நிரப்பி, கடையைச் சாத்த வைத்துவிடுகிறது. அதே குழு அடுத்த வருடம் இன்னொன்றையும் கண்டது: அந்த நிறுத்தம் நிரந்தரமில்லை, இரண்டு நாளைப்போல கழிய சுரப்பி தப்பித்துத் திரும்பவும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. "எதுக்கும் முன்கூட்டியே தினமும் ஒண்டு போடுவம்" என்று எங்கட மாமிமார் யோசிக்கக்கூடும். அது வேலைக்காகாததற்கு அந்த எலிகளும் ஒரு காரணம்.

சொல்ல வந்ததால் சொல்லிவிடுகிறேன். அயடீன் கலந்த உப்பைக் கூடுதலாகப் போட்டுக் கறி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. 2011இல் புகுஷிமா விபத்தின்போது சீனாவில் சனம் உப்புக்கு அடிபட்டது. ஒரு குளிசையில் இருக்கும் அளவு அயடீனுக்கு எத்தனை கிலோ உப்புத் தின்ன வேண்டும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. காயத்துக்குப் பூசும் அயடீன் மருந்தைக் குடிப்பது அதைவிட மோசம், அது நஞ்சு. அம்மம்மா, அப்பப்பாமாருக்குக் குளிசையின் தேவை குறைவு. 40 வயதுக்கு மேல் கதிரியக்க அயடீனால் தைரொயிட் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வயது போனவர்களின் தைரொயிட்டில் ஏற்கெனவே கட்டி, கழலை இருந்தால் திடீரென்று இவ்வளவு அயடீன் போவது தொல்லை தரலாம். முதலில் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார். பெட்டி போதாது என்றால் அந்த வரிசைதான்.

ஏன் பிள்ளைகள் முதலில்? அதற்கு ஆடுகளிடம் போக வேண்டும்.

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்ட் என்ற இடம். நாகசாகி குண்டுக்கான புளூட்டோனியம் செய்த இடம். அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கிகளிலிருந்து அயடீன் 131 வெளியே போய்க்கொண்டிருந்தது. காற்றில் போனது புல்லில் விழும், புல்லை ஆடு மாடு தின்னும். 1950 முதல் அங்கே லியோ புஸ்டாட் என்ற மிருக வைத்தியரும் சேர்ந்து செம்மறியாடுகளுக்கு ஒவ்வொரு நாளும் அளந்து அயடீன் 131 ஊட்டினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருடக் கணக்கில். அதிகம் வாங்கிய ஆடுகளின் தைரொயிட் அழிந்தது. சினை ஆட்டுக்குக் கொடுத்தது வயிற்றுக்குள் இருந்த குட்டியின் கழுத்தில் போய்ச் சேர்ந்தது. மடியில் பாலில் வந்தது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. 1949 டிசம்பரில் அதே ஹான்ஃபோர்டில் வேண்டுமென்றே ஒரு இரவு ஆயிரக்கணக்கான கியூரி அயடீனைக் காற்றில் விட்டார்கள். சோவியத் தொழிற்சாலைகளை எப்படி மோப்பம் பிடிப்பது என்று பழகுவதற்கான இராணுவப் பரிசோதனை. சுற்றுவட்டாரத்தில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் தாய்தகப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆவணங்கள் வெளியே வந்தது 1986இல். வேலிக்கு உள்ளே இருந்த ஆட்டுக்கு எவ்வளவு போனது என்று கணக்கு இருந்தது. வேலிக்கு வெளியே இருந்த பிள்ளைக்கு எவ்வளவு போனது என்று பல வருடம் கழித்துக் கொம்பியூட்டரில் ஊகித்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

பால்தான் பாதை என்பது தெரிந்த பிறகு அது பயன்பட்டது. 1957 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் அணு உலை தீப்பிடித்தபோது, சுற்றியுள்ள சுமார் 500 சதுர கிலோமீற்றரில் பாலைத் தடை செய்து ஆற்றிலும் கடலிலும் ஊற்றினார்கள். 1986இல் செர்னோபிலில் அதைச் சரியான நேரத்தில் செய்யவில்லை. அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகள் வளர வளர, 2005 வரைக்கும் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவில் 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களிடையே 6000க்கும் மேல் தைரொயிட் புற்றுநோய் கண்டார்கள். அதில் ஒரு பெரும் பங்கு அந்த அயடீனால் வந்தது. பக்கத்து நாடான போலந்து சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் கரைசலைப் பருக்கியது. பெரிய பக்கவிளைவுகள் அரிதாகவே வந்தன. இந்த மருந்து பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று உலகம் இன்றைக்குத் துணிந்து சொல்வது அந்தப் போலந்துப் பிள்ளைகளால்தான்.

பிள்ளைக்கு ஆபத்து ஏன் கூட என்றால், கைக்குழந்தையின் தைரொயிட் ஒன்றிரண்டு கிராம்தான், பெரியவருக்கு 20 கிராம். உள்ளே வரும் அயடீனில் இரண்டு பேரும் இழுக்கும் பங்கு கிட்டத்தட்ட ஒன்று. அதே வெப்பம் சின்னச் சட்டியில் விழுகிற மாதிரி. ஒரே அளவு அயடீன் 131ஐ விழுங்கினால் கைக்குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு அளவு பெரியவரைப் போல எட்டு மடங்கு என்று சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் அட்டவணை சொல்கிறது. ஆனால் குளிசையின் அளவு மட்டும் குழந்தைக்குக் குறைவு. சின்னக் கடையைச் சாத்தச் சின்னப் பூட்டுப் போதும். பிறந்த குழந்தைக்குக் கூடக் கொடுத்தால் சுரப்பியின் வேலை பாதிக்கப்படலாம், அது மூளை வளர்ச்சிக்குத் தேவையான சுரப்பி. ஒரு மாதத்துக்குள் 16 மில்லிகிராம், மூன்று வயது வரை 32, பன்னிரண்டு வயது வரை 65, அதற்கு மேல் 130. மகள் வாசித்த ரெண்டு, ஒண்டு, பாதி அதுதான்.

இனி நாய்கள். எங்கள் தெருவில் மூலை வீட்டில் ஒரு பீகிள் இருக்கிறது. நீளக் காது, எவரைக் கண்டாலும் வால் ஆட்டும். மகளுக்கு அதில் உயிர். அதனால் இந்தப் பகுதியை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1920களில் நியூ ஜேர்சியிலும் வேறு இடங்களிலும் மணிக்கூட்டு முகங்களில் ரேடியம் மை பூசிய இளம் பெண்கள் தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கினார்கள். ரேடியம் அவர்களின் எலும்பில் குடியேறியது. தாடை அழுகியது, எலும்பில் புற்றுநோய் வந்தது. அவர்களை வைத்து, ஒரு மனித உடம்பில் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் ரேடியம் இருக்கக் கூடாது என்று 1941இல் ஒரு வரம்பு போட்டார்கள். போட்டவர்களில் முதன்மையானவர் முயல் பரிசோதனையில் வந்த அதே ரொப்லி எவன்ஸ். பிறகு புளூட்டோனியம் வந்தது. அதற்கு வரம்பு என்ன? புளூட்டோனியத்தால் நோய்ப்பட்ட மனிதர் அப்போது இல்லை. ஆகவே கேள்வியை இப்படித் திருப்பினார்கள்: ஒரே மிருகத்தில் ரேடியமும் புளூட்டோனியமும் செய்யும் கெடுதலை ஒப்பிட்டு, அந்த விகிதத்தை மணிக்கூட்டுப் பெண்களின் கணக்கோடு பெருக்குவோம்.

அந்த மிருகம் பீகிள். எலி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், எலும்புப் புற்றுநோய் மெதுவாக வருவது. பீகிள் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும், அளவாக இருக்கும், நன்றாகக் குட்டி போடும், கடிக்காது. கடைசிக் காரணத்தை நான் வாசித்தபோது கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்தேன். மனிதரை நம்புகிற குணத்துக்காகவே ஒரு மிருகத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் 1952 டிசம்பரில் முதல் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி, பிறகு இயற்கையாகச் சாகும் வரை கவனித்தார்கள். கலிபோர்னியாவில் டேவிஸில் ஸ்ட்ரோன்ஷியம் 90ஐச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார்கள், தாய் நாயின் வயிற்றில் குட்டி இருக்கும்போதே தொடங்கி. அணுகுண்டுச் சோதனைகளின் தூசி பாலில் வந்துகொண்டிருந்த காலம், பிள்ளைகளின் எலும்புக்கு என்ன ஆகும் என்பதுதான் அங்கே கேள்வி. நியூ மெக்சிகோவில் அல்புகேர்க்கியிலும் ஹான்ஃபோர்டிலும் நாய்களைச் சுவாசிக்க வைத்தார்கள். எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான நாய்கள், பல பத்து வருடங்கள். சில நாய்களைத் தொடங்கி வைத்த விஞ்ஞானி ஓய்வு பெற்ற பிறகும் கோப்புத் தொடர்ந்தது. டேவிஸின் நாய்க் கூண்டு வளவை நாய்க் கழிவின் கதிரியக்கத்தையும் சேர்த்துச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. 1994இல் அது அமெரிக்காவின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் ஏறியது.

கிடைத்தது என்ன? ரேடியம் கல்சியத்தைப் போல எலும்புக்குள் ஊறிப் பரவுகிறது. புளூட்டோனியம் எலும்பின் மேற்பரப்பிலேயே படிந்து, புது எலும்பு உண்டாக்கும் உயிரணுக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் அதே அளவில் பல மடங்கு கேடு. ஈரலிலும் தங்கும். மனித எலும்பிலிருந்து பாதி வெளியேற 50 வருடம், ஈரலிலிருந்து 20 வருடம் என்று இன்றைய மாதிரிகள் எடுத்துக்கொள்கின்றன. உடம்பு தானாக வெளியேற்றாத ஒன்றை எப்படி வெளியேற்றுவது என்ற தேடலில் மிருகங்களில் பரீட்சித்த மருந்துதான் டி.ரி.பி.ஏ. என்பது. உலோகத்தை நண்டுக் கால் மாதிரிக் கவ்விச் சிறுநீரில் கொண்டுபோகும். 1976இல் ஹான்ஃபோர்டில் ஒரு வெடிப்பில் ஹரோல்ட் மக்ளஸ்கி என்ற 64 வயதுத் தொழிலாளியின் முகத்திலும் உடம்பிலும் அமெரிசியம் பாய்ந்தது. அவ்வளவு அமெரிசியம் பட்ட மனிதர் அதுவரை இல்லை. அந்த மருந்தை வருடக் கணக்கில் ஏற்றினார்கள். அவர் பதினொரு வருடம் கழித்து இதய நோயால் இறந்தார், புற்றுநோயால் அல்ல.

ஆகவே "மிருகம் மனிதனைக் காப்பாற்றியது" என்று கதையை முடித்துவிடலாம் போல இருக்கும். என்னால் முடியவில்லை, இரண்டு காரணம்.

ஒன்று, எலி எலிதான். சீசியம் எலியிலிருந்து சில நாளில் பாதியாகிறது, நாயிலிருந்து சில கிழமையில், வளர்ந்த மனிதரிலிருந்து சுமார் 110 நாளில். மனிதருக்குள்ளேயே பத்து வயதுப் பிள்ளைக்குச் சுமார் 50 நாள், ஒரு வயதுக் குழந்தைக்கு 13 நாள் என்று எடுக்கிறார்கள். அயடீனில் பிள்ளைக்குத் தீமை கூட, சீசியத்தில் பிள்ளையின் உடம்பு எங்களைவிடச் சுறுசுறுப்பு. இளம் குட்டிகளின் குடல் புளூட்டோனியத்தைப் பெரிய மிருகத்தைவிடப் பல மடங்கு உறிஞ்சுகிறது என்று கண்டதால், குழந்தைக்கு உறிஞ்சும் பங்கைப் பெரியவரைப்போல பத்து மடங்காக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பொருளுக்குப் பொருள், வயதுக்கு வயது விடை மாறும். "பெரியாளின் அளவில் பாதி" என்ற எங்கட வீட்டுக் கைக்கணக்கு இங்கே எடுபடாது.

மற்றக் காரணம் கனமானது. 1944 தொடக்கத்தில் உலகத்தில் இருந்த கொஞ்சப் புளூட்டோனியத்தில் 11 மில்லிகிராமை பேர்க்லியில் ஜோசப் ஹமில்ட்டனிடம் கொடுத்தார்கள், எலிகளில் பார்க்கச் சொல்லி. எலியில் வெளியேறும் வேகத்தை வைத்து மனிதரைச் சொல்ல முடியாமல் போகவே, 1945 முதல் 1947 வரை நான்கு மருத்துவமனைகளில் 18 நோயாளிகளுக்குப் புளூட்டோனியம் ஊசி போட்டார்கள். அவர்களில் ஒருவன் ஐந்து வயது நிரம்பாத பையன். என்ன ஊசி என்று அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. அவர்களின் சிறுநீர் கணக்கிலிருந்து வந்த சமன்பாட்டை வைத்துத்தான் பல பத்து வருடம் அணுத் தொழிலாளரின் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். 1993இல் அல்புகேர்க்கியின் பத்திரிகையாளர் ஐலீன் வெல்சம் அவர்களின் பெயர்களைத் தேடி எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1995இல் ஜனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கேட்டார். மிருகத்தில் செய்தால் மனிதரில் செய்யத் தேவையில்லை என்பது நியாயமான வாதம். ஆனால் அந்த இடத்தில் மிருகத்திலும் செய்தார்கள், மனிதரிலும் செய்தார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிட்ட ஒரு மருத்துவக் கருவியைக் காயலான் கடைக்காரர் உடைக்க, நீலமாக ஒளிர்ந்த சீசியத் தூளைச் சனம் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஒரு ஆறு வயதுச் சிறுமி அது ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். 249 பேரில் மாசு கண்டார்கள், அந்தச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். 46 பேருக்கு, பிள்ளைகளும் உட்பட, பிரஷ்யன் நீலம் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீலச் சாயம். குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும். அது வேலை செய்யும் என்று 1960களிலேயே எலிகளில் காட்டியிருந்தபடியால்தான் கையில் இருந்தது. 110 நாளை 30 நாளாகக் குறைக்கும் மருந்து அது. செர்னோபிலுக்குப் பிறகு நோர்வேயில் கலைமான்களுக்கும் ஆடுகளுக்கும் அதையே கொடுத்தார்கள். முதல் எலி, பிறகு மனிதர், பிறகு மனிதர் தின்னும் மிருகம்.

இன்றைக்கு நாய்களில் அப்படி வாழ்நாள் முழுக்கச் செய்வதில்லை. உடம்பைப் பல தொட்டிகளாகவும் குழாய்களாகவும் எழுதிய கணக்கு மாதிரிகள் இருக்கின்றன. அயடீனுக்கு மூன்று தொட்டி போதும்: இரத்தம், தைரொயிட், மற்ற உடம்பு. இரத்தத்தில் இருப்பது ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும், அதில் 30 வீதம் தைரொயிட்டுக்கு, 70 வீதம் சிறுநீருக்கு. ஒரு இரவில் நானே முப்பது வரியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தேன், வளைகோடு அழகாக வந்தது. ஆனால் அந்த எண்கள் முயல், எலி, ஆடு, மனிதர் என்று எங்கேயோ ஒரு உடம்பில் அளந்தவை. 1968 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவகம், அணுத் தொழிலில் வேலை செய்தவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்த உடல்களை இறப்புக்குப் பின் வாங்கி, எலும்பிலும் ஈரலிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து மாதிரிகளைத் திருத்துகிறது. பீகிள்களின் இழையத் துண்டுகள் சிக்காகோவுக்குப் பக்கத்தில் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் மெழுகுக் கட்டிகளாக இன்னும் இருக்கின்றன. புது நாயைக் கொல்லாமல் பழைய நாயிடம் புதுக் கேள்வி கேட்கிறார்கள்.

மகளுக்கு இதில் முயலையும் ஆட்டையும் நாயையும் சொன்னேன். ஊசி போட்ட பையனைச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் வயது வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செத்த பிறகு உடம்பைக் குடுத்த ஆக்கள் ஓம் எண்டு சொல்லிக் குடுத்தவை. நாய்களிட்ட ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்ல, குஞ்சு."

"அப்ப நாங்கள் அந்தக் குளிசையைப் போடலாமோ?"

"போடலாம். போடச் சொன்னா உடன போடவேணும். ஆனா ஆர் மூலமா வந்தது எண்டு தெரிஞ்சுகொண்டு போடு."

அவள் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்த காலாவதித் திகதியை வாசித்துச் சொன்னாள். தம்பிக்கு எப்படிப் பாதியாக உடைப்பது, பொடியாக்கிப் பாலில் கலக்கலாமா என்று கேட்டாள். கலக்கலாம், ஜூஸிலும் கலக்கலாம். குளிசையை லாச்சியிலிருந்து எடுத்து, வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் கடவுச்சீட்டுகளோடு வைத்திருக்கிறோம்.